தண்ணீர் வந்த வழி – 14: உப்புக் கரையில் ஓசோன்

ஒரு லீற்றர் கடல்நீரில் ஏறக்குறைய 65 மில்லிகிராம் புரோமைட்டு இருக்கிறது. குளோரைட்டோ 19,000 மில்லிகிராமுக்கு மேல். கடலின் உப்பைப் பற்றிப் பேசுகிறவர்கள் புரோமைட்டைப் பொருட்படுத்துவதில்லை. நாக்குக்கும் அது தெரியாது. ஆனால், கரைத்தீவு போன்ற ஓர் ஊரின் குடிநீரை எந்த முறையில் சுத்திகரிக்கலாம் என்று கேட்டால், நான் முதலில் பார்க்கச் சொல்வது அந்தச் சிறிய எண்ணைத்தான்.

அம்பாறை மாவட்டத்துக் கரைத்தீவு அல்ல இது. புத்தளம் நகருக்கு வடக்கே, வனாத்தவில்லுப் பக்கத்துக் கரையில் இருப்பது. மேற்கே களப்பு, களப்புக்கு அப்பால் கற்பிட்டித் தீபகற்பம். வடக்கே கலா ஓயா கடலில் சேரும் கங்கைவாடி, அதையும் தாண்டினால் வில்பத்துக் காடு. கண்ணுக்கு எட்டிய தூரமெல்லாம் தண்ணீர்; குடிக்கத் தக்கதை மட்டும் தேடித்தான் எடுக்க வேண்டும்.

இந்தக் கரையோரத்தில் நன்னீர் மூன்று வழிகளில் கிடைக்கிறது. முதலாவது மணல்நீர். மழை மணலில் இறங்கி, கீழே ஊறியிருக்கும் உவர்நீரின் மேல் மெல்லிய படையாக மிதந்து நிற்கிறது. ஒல்லாந்தரான பாடோன் கெய்பனும் ஜெர்மானியரான ஹெர்ஸ்பெர்க்கும் 19ஆம் நூற்றாண்டு முடிந்து 20ஆம் நூற்றாண்டு பிறக்கும் காலத்தில் தனித்தனியே கண்டறிந்த கணக்கு ஒன்று உண்டு. நிலத்தடி நீர்மட்டம் கடல்மட்டத்தை விட 1 மீற்றர் உயர்ந்து நின்றால், நன்னீர் கடல்மட்டத்துக்குக் கீழே 40 மீற்றர் வரை இறங்கி நிற்கும். கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் இதே கணக்கைத் திருப்பிப் போட்டால், பம்பு வைத்து இறைத்து நீர்மட்டத்தை 10 சென்ரிமீற்றர் தாழ்த்தும் இடத்தில், கீழிருக்கும் உவர் காலப்போக்கில் 4 மீற்றர் மேலேறி வரலாம். தாழ்வான மணற்கரையில் நன்னீர்ப் படையே சில மீற்றர்தான். கிணறு ஒரு கோடையில் நன்றாகவும் மறு கோடையில் சவராகவும் மாறுவதன் காரணம் இதுவே.

கற்பிட்டியில் இதே மணல்நீருக்கு இன்னொரு கேடும் சேர்ந்தது. வெங்காயம், மிளகாய், புகையிலைத் தோட்டங்களுக்குக் கிணற்றிலிருந்து இறைத்துப் பாய்ச்ச, போட்ட பசளையில் ஒரு பகுதி கழுவுண்டு அதே கிணற்றுக்குத் திரும்பியது. 1986இல் லாரன்ஸ், குருப்புஆராச்சி ஆகிய இருவரும் பிரித்தானிய நிலவியல் ஆய்வகத்துக்காக எழுதிய அறிக்கை, கற்பிட்டி நிலத்தடி நீரில் விவசாயம் செய்த மாற்றத்தை விரிவாகப் பதிவு செய்தது. அதன் பின் வந்த ஆய்வுகளிலும் பல கிணறுகளில் நைத்திரேற்று உலக சுகாதார நிறுவனத்தின் எல்லையான 50 மில்லிகிராமைத் தாண்டியது. நைத்திரேற்றை ஓசோன் ஒன்றும் செய்யாது; மணல் வடிகட்டி பிடிக்காது; கொதிக்க வைத்தால் நீர் வற்ற வற்ற அது செறிவாகும். ஆகவே பசளைக் கிணற்றுக்கு இந்தப் பகுதியில் விடை இல்லை. அந்தக் கிணற்றுக்கான முதல் மருந்து தோட்டத்தில்தான் இருக்கிறது.

1990 ஒக்ரோபரில் வடக்கிலிருந்து வெளியேற்றப்பட்ட முஸ்லிம் மக்களில் பெரும்பகுதியினர் புத்தளம் மாவட்டத்தில்தான் வந்து தங்கினார்கள். ஓலைக் கொட்டில், அருகருகே மலக்குழி, அருகிலேயே கிணறு. ஒரு மாவட்டத்தின் மணல்நீர் ஒரே பருவத்தில் பல்லாயிரம் பேரைத் தாங்க வேண்டியதாயிற்று. அந்த ஆண்டுகளில் முகாம் கிணறுகளுக்குக் குளோரின் தூளைக் கொண்டு சென்று போட்ட சுகாதாரப் பணியாளர்களின் பெயர்கள் எந்த வரலாற்று நூலிலும் வராது. அவர்கள் காப்பாற்றிய உயிர்களுக்கும் கணக்கு இல்லை.

இரண்டாவது வழி சுண்ணாம்புக் கல். வனாத்தவில்லுப் படுகை நீரியலாளர்களுக்கு நன்கு தெரிந்த இடம். அங்கே ஆழத்தில் அழுத்தத்தில் நிற்கும் நீரைப் பற்றி 1983இலேயே லாரன்ஸும் தர்மகுணவர்தனவும் ஆய்வுக்கட்டுரை எழுதினார்கள். தண்ணீர் தெளிவு; கடினத்தன்மை அதிகம். கேத்திலின் அடியில் படியும் வெள்ளைக்கட்டி எல்லார் வீட்டிலும் உண்டு.

மூன்றாவது ஆற்றுநீர். 5ஆம் நூற்றாண்டில் தாதுசேனன் கட்டிய கலாவாவியிலிருந்து வரும் கலா ஓயா, ராஜாங்கனை வயல்களின் வடிகாலையும் வாங்கிக்கொண்டு எலுவன்குளத்துக்கு வந்து சேர்கிறது. ஆசிய வளர்ச்சி வங்கி கடன் தந்த உலர்வலய நகர்ப்புறத் திட்டத்தின் கீழ், வவுனியா, மன்னார், சிலாபம் ஆகிய ஊர்களோடு புத்தளமும் குழாய்நீர் பெற்றது. அதற்கான மூலநீர் கலா ஓயாவிலிருந்து எடுக்கப்பட்டது. ஆற்றுநீரில் உப்பு குறைவு. ஆனால் காட்டு இலை, சருகு, சேற்றில் ஊறிய காபன் அதில் கரைந்திருக்கும். மழை தொடங்கி முதல் வெள்ளம் வரும்போது அந்த நீர் வெறும் தேநீர் நிறத்தில் இருக்கும்.

உப்பு நிறைந்த நீர் ஒன்று, சருகு கரைந்த நீர் மற்றொன்று. இவ்விரண்டையும் குடிக்கத் தகுதியாக்க உலகம் எடுத்த முயற்சியின் கதைதான் இந்தப் பகுதியில் வருகிறது.

முதலில் குளோரின். அது வருவதற்கு முன் இந்தக் கரை எப்படி இருந்தது என்பதை மறக்கக் கூடாது. கரைத்தீவிலிருந்து வடக்கே, வில்பத்தின் மறு எல்லையில் மரிச்சுக்கட்டி இருக்கிறது. 1905ஆம் ஆண்டு முத்துக்குளிப்பின்போது, ஆளில்லாத அந்த மணற்கரையில் பல்லாயிரம் பேர் கூடி ஒரு நகரமே எழுந்தது. இந்தக் கரையின் முத்துக்குளிப்பு முகாம்களில் அதிகாரிகள் சூறாவளியை விட அதிகமாகப் பயந்தது காலராவுக்குத்தான். ஒருவருக்குக் கண்டால் போதும். முகாம் கலைந்துவிடும், குளிப்பு நின்றுவிடும். மன்னார்க் கரையில் இறங்கி மலைநாட்டுக் கோப்பித் தோட்டங்களுக்கு நடந்து போன தமிழ்நாட்டுக் கூலித் தொழிலாளர்கள் வழிநெடுகச் செத்து விழுந்ததற்கும் கெட்ட நீர் பரப்பிய இந்தக் காலரா ஒரு பெரிய காரணம்.

1897இல் இங்கிலாந்தின் மெயிட்ஸ்டன் நகரில் தைபோயிட்டுக் காய்ச்சல் பரவி ஏறக்குறைய 1,900 பேர் நோயுற்றார்கள்; குழாய்களைக் கிருமிநீக்கம் செய்ய வெளிற்றும் தூள் பயன்பட்டது. 1905இல் லிங்கன் நகரில் அலெக்சாண்டர் ஹூஸ்டன் குளோரினைத் தொடர்ந்து சேர்க்கத் தொடங்கினார். அமெரிக்காவில் அந்த வேலையைச் செய்தவர் ஜோன் லீல் என்ற மருத்துவர். உள்நாட்டுப் போரில் கெட்ட நீரைக் குடித்து, ஆண்டுக்கணக்கில் வயிற்றோட்டத்தில் கிடந்து இறந்த ஒருவரின் மகன் அவர். ஜெர்சி நகரின் நீரைக் கிருமியற்றதாக்கும் பொறுப்பு வந்தபோது, யாரிடமும் அனுமதி கேட்காமல், 99 நாட்களில் பொறியியலாளர் ஃபுல்லரின் துணையோடு குளோரின் நிலையத்தைக் கட்டி, 1908 செப்டெம்பர் 26ஆம் திகதி இயக்கினார். நீதிமன்றத்தில் நிறுத்தினார்கள். ‘உங்கள் குடும்பத்துக்கு இந்த நீரைக் கொடுப்பீர்களா’ என்ற வகைக் கேள்விகளுக்கு அவர் தயங்காமல் ஆம் என்றார். வழக்கு அவர் பக்கம் தீர்ந்தது.

இலங்கையில் தமிழருக்குப் பழக்கமான ஒரு நினைவும் இதனோடு சேரும். ஆனையிறவு உப்பை மூலப்பொருளாகக் கொண்டு 1950களில் எழுந்த பரந்தன் இரசாயனத் தொழிற்சாலை, சோடாக்காரத்தோடு குளோரினையும் உற்பத்தி செய்தது. நாட்டின் குடிநீரைக் காத்த குளோரின் வடக்கின் உப்பிலிருந்து வந்த காலம் அது. போரில் அந்தத் தொழிற்சாலை அழிந்ததை நான் ஒரு தொழில் இழப்பாக மட்டும் பார்ப்பதில்லை.

தலவில அன்னம்மாள் திருவிழாவுக்கு மக்கள் இலட்சக்கணக்கில் கூடும் கற்பிட்டியில், பவுசர் தண்ணீரைச் சோதிக்கும் பொதுச் சுகாதாரப் பரிசோதகரின் கையைக் கவனித்தால் இந்த வரலாறு முழுவதும் ஒரு சிறு குழாயில் தெரியும். நீரை எடுத்து, சிறிய மாத்திரை ஒன்றைப் போட்டு, மூடிக் குலுக்குவார். நீர் இளஞ்சிவப்பாக மாறினால் குளோரின் மிச்சம் இருக்கிறது. பக்கத்து நிறவட்டத்தோடு ஒப்பிட்டு 0.2க்கும் 0.5க்கும் இடையில் எண்ணைச் சொல்வார். நிறம் வராவிட்டால் அந்தப் பவுசர் திரும்பிப் போகும். பெரிய கூட்டத்தில் காலராவைத் தடுக்க இதைவிட மலிவான, நம்பகமான வேலை இன்னும் வரவில்லை.

அப்படியிருக்க, குளோரினைப் பற்றிய கவலை எங்கிருந்து வந்தது? றொட்டர்டாமிலிருந்து.

நகரின் பெரன்பிளாட் நீர்நிலையத்தில் ஜோஹன்னஸ் றூக் என்ற வேதியியலாளர் பணிபுரிந்தார். பியரின் வாசனையை ஆராய்பவர்கள் திரவத்தின் மேல் நிற்கும் ஆவியைச் சேகரித்து வாயுப் பகுப்பில் பார்ப்பார்கள். அந்த முறையையே றூக் குடிநீருக்குப் பயன்படுத்தினார். நிலையத்துக்குள் வரும் ரைன் நதிநீரில் இல்லாத பொருள்கள், குளோரின் சேர்த்த பின் வெளியேறும் நீரில் இருந்தன: குளோரோபோமும் அதன் உறவினர்களும். 1974இல் அவர் அதை வெளியிட்டார். அதே ஆண்டு அமெரிக்காவில் பெல்லார், லிஷ்டன்பெர்க், குரோனர் மூவரும் தனியே அதையே கண்டார்கள். சருகிலிருந்து கரைந்த காபனும் குளோரினும் சேரும்போது இவை உருவாகின்றன. 1976இல் எலிகளில் குளோரோபோம் புற்றுநோய் உண்டாக்குவதை அமெரிக்கப் புற்றுநோய் நிலையம் அறிவித்தது. 1979இல் அமெரிக்கா இந்த டிரைஹேலோமீதேன்களுக்கு லீற்றருக்கு 100 மைக்ரோகிராம் என்று எல்லை வைத்தது. 1998இல் அதை 80 ஆக்கியது.

றூக்கின் கண்டுபிடிப்பில் நம் கரையோருக்கு முக்கியமான ஒரு பாகம் அதிகம் பேசப்படாமல் போனது. ரைன் நீரில் புரோமைட்டும் இருந்தது. நீரில் விழும் குளோரின் முதலில் புரோமைட்டைத் தாக்கி அதைச் செயலூக்கமுள்ள புரோமினாக மாற்றுகிறது. அந்தப் புரோமின் காபனைக் குளோரினை விட வேகமாகப் பிடிக்கிறது. உருவாகும் பொருளின் எடையும் கூடுகிறது: குளோரோபோம் மூலக்கூற்றின் எடை 119, புரோமோபோமின் எடை 253. எல்லைகள் எடையில் அளக்கப்படுவதால், உப்புக் கலந்த நீர் அதே அளவு குளோரினில் எல்லையைச் சீக்கிரம் தாண்டும். புரோமின் கலந்த இந்தப் பொருள்களே ஆய்வாளர்களுக்கு அதிகக் கவலை தருபவையும்கூட.

குளோரினைக் குறைக்க வழி தேடியவர்கள் கையில் பழையதொரு கருவி தயாராக இருந்தது. பாசல் பல்கலைக்கழகத்தில் நீரை மின்சாரத்தால் பிரித்தபோது எழுந்த வாசனையைப் பின்பற்றி 1840இல் ஓசோனை அறிவித்தவர் ஷோன்பைன். 1857இல் வேர்ணர் வொன் சீமென்ஸ் உலர்ந்த காற்றை மின்வெளியேற்றத்துக்கு ஊடாகச் செலுத்தி அதை உற்பத்தி செய்யும் குழாயை வடிவமைத்தார். 1893இல் நெதர்லாந்தின் ஊட்ஷூர்னில் ரைன் நீருக்கு அது பயன்பட்டது. 1906இல் பிரான்சின் நீஸ் நகரம் போன் வொயாஜ் நிலையத்தில் ஓசோனைத் தொடங்கியது. பத்தே ஆண்டுகளில் ஐரோப்பாவில் 49 நிலையங்கள், அதில் பாதிக்கு மேல் பிரான்சில். பின்னர் முதலாம் உலகப் போர் நச்சு வாயுவுக்காகக் குளோரின் தொழிலை வளர்த்துவிட்டது. மலிவான குளோரினுக்கு முன்னால் ஓசோன் பின்வாங்கியது.

ஓசோனின் வலிமை உண்மையானது. குளோரினுக்கு அசையாத கிரிப்டோஸ்போரிடியம் என்ற ஒட்டுண்ணியை அது கொல்லும். 1993 ஏப்ரலில் அமெரிக்காவின் மில்வாக்கி நகரில் அந்த ஒட்டுண்ணி, வடிகட்டலையும் குளோரினையும் தாண்டி வந்து ஏறக்குறைய 4,03,000 பேரை வயிற்றோட்டத்தில் தள்ளியது. நகரம் 1998இல் ஓசோனைச் சேர்த்தது. ஓசோன் நிறத்தை எடுக்கும், நாற்றத்தை எடுக்கும். குளோரோபோமை உண்டாக்காது.

ஆனால் அது சில நிமிடங்களில் அழிந்துவிடும். குழாயின் மறுகோடியில், யாரோ வெட்டிய ஓட்டை வழியாக அழுக்கு புகுந்தால் அதைத் தடுக்க ஓசோன் அங்கே இருக்காது. சேமித்து வைக்கவும் முடியாது. மின்சாரம் போனால் கிருமிநீக்கமும் போயிற்று. இன்னொன்று இருக்கிறது. ஓசோன் பெரிய காபன் மூலக்கூறுகளை அழிப்பதில்லை, உடைக்கிறது. உடைந்த துண்டுகள் நுண்ணுயிருக்கு நல்ல உணவு. ஓசோன் போட்ட நீரை அப்படியே குழாயில் விட்டால் குழாய்ச் சுவரில் வழுவழுப்பான நுண்ணுயிர்ப் படலம் வளரும்.

இந்த உணவை நுண்ணுயிருக்கே கொடுத்துவிடலாம், ஆனால் குழாயில் அல்ல, நம் கண் முன்னால் ஒரு வடிகட்டியில் என்று யோசித்தவர்கள் ஜெர்மனியின் ரூர் நதிக்கரை மூல்ஹைம் நகரத்தார். 1970களில் அங்கே குளோரினைப் பெருமளவில் கொட்டும் வழக்கத்தை விட்டு, முதலில் ஓசோன், அடுத்து செயலூட்டிய கரிப் படுகை என்ற ஒழுங்கை அமைத்தார்கள். கரித்துகள் மேல் குடியேறிய நுண்ணுயிர்கள், ஓசோன் உடைத்த துண்டுகளைத் தின்று தீர்த்தன. ஆம்ஸ்டர்டாம் தன் லைடுயின் நிலையத்தில் இதோடு கடைசியாக மெதுமணல் வடிகட்டியையும் சேர்த்தது. இன்று அங்கே குழாயில் குளோரின் மிச்சமே விடப்படுவதில்லை. அதற்குத் தகுந்த கசிவில்லாத குழாயும், இரவும் பகலும் நிற்காத அழுத்தமும் அவர்களிடம் இருக்கின்றன. ஒரு நாளில் சில மணிநேரம் மட்டும் நீர் வரும் ஊர்களில் அதைப் பின்பற்றச் சொல்வது உயிரோடு விளையாடுவது. குழாய் காலியாகும் நேரத்தில் வெளியிலுள்ள அழுக்கை அது உள்ளே இழுக்கும். அங்கே மிச்சக் குளோரின்தான் காவல்.

இதற்குள் ஓசோனின் மறுமுகமும் தெரியவந்தது. சூரிச்சுக்கு அருகே டூபென்டோர்ஃபில், ஹாக்கும் ஹொய்க்னேயும் 1983இல் ஓசோன், புரோமைட்டோடு நடத்தும் வினையை விளக்கினார்கள். புரோமைட்டு படிப்படியாக ஆக்சிசன் ஏற்று புரோமேற்றாகிறது. பெயர் கிட்டத்தட்ட ஒன்றாக இருந்தாலும், குணத்தில் இரண்டும் வேறு. கடல் உப்பில் இருக்கும் புரோமைட்டு அந்த அளவில் தீங்கற்றது. புரோமேற்று எலிகளின் சிறுநீரகத்தில் கட்டி உண்டாக்குவதை 1980களில் ஜப்பானின் குரோகாவா குழுவினர் காட்டினார்கள். பாண் மாவை மிருதுவாக்கப் பயன்பட்ட பொட்டாசியம் புரோமேற்று இதே குடும்பம். 2016இல் இந்தியா அதைத் தடை செய்தது. குடிநீரில் அதற்கு உலக சுகாதார நிறுவனமும் அமெரிக்காவும் வைத்திருக்கும் எல்லை லீற்றருக்கு 10 மைக்ரோகிராம்.

இந்த எல்லை எவ்வளவு நெருக்கமானது என்பதற்கு 2004ஆம் ஆண்டு இங்கிலாந்தில் நடந்தது சான்று. கொகாகோலா நிறுவனம் தசானி என்ற போத்தல் நீரை அறிமுகம் செய்தது. குழாய்நீரைச் சவ்வு வழியாகச் செலுத்தி, சுவைக்காகக் கல்சியம் குளோரைட்டைச் சேர்த்து, கடைசியில் ஓசோனால் கிருமிநீக்கம் செய்தார்கள். சேர்த்த கல்சியம் குளோரைட்டில் புரோமைட்டு ஒட்டியிருந்தது. ஓசோன் அதைப் புரோமேற்றாக்கியது. அளவு 10 முதல் 22 மைக்ரோகிராம். அறிமுகமாகிச் சில வாரங்களில், மார்ச் மாதம், ஏறக்குறைய 5 இலட்சம் போத்தல்கள் திரும்ப எடுக்கப்பட்டன. இந்தியாவிலும் பாபா அணு ஆராய்ச்சி மையத்தின் விஞ்ஞானிகள் மும்பையில் விற்ற போத்தல் நீரில் எல்லை மீறிய புரோமேற்றைக் கண்டார்கள். சுத்தத்துக்காக அதிக விலை கொடுத்து வாங்கிய தண்ணீரில் நடந்தது இது.

ஓசோன் மட்டும்தான் புரோமேற்றை உண்டாக்கும் என்றும் எண்ண வேண்டாம். லொஸ் ஏஞ்செல்ஸின் திறந்த நீர்த்தேக்கங்களில் குளோரின் இருந்தது, புரோமைட்டு இருந்தது. மேலிருந்து வெயில் விழுந்தது. மூன்றும் சேர்ந்து புரோமேற்று எல்லை மீற, இரண்டு தேக்கங்களின் நீரைக் கொட்ட வேண்டியதாயிற்று. 2008 ஜூனில் ஐவன்ஹோ தேக்கத்தில் இலட்சக்கணக்கான கறுப்புப் பிளாஸ்ரிக் பந்துகளை மிதக்கவிட்டு வெயிலை மறைத்தார்கள். மேல்நிலைத் தாங்கிக்கு மூடி வேண்டும் என்ற எளிய விதிக்கு, இந்தக் கரையில் கொசுவை விடப் பெரிய காரணம் இருக்கிறது.

இப்போது கரைத்தீவுக்குத் திரும்பி ஒரு கணக்குப் போடுவோம். நல்ல கிணற்றில் நூற்றுக்கு ஒரு பங்கு கடல்நீர் கலந்துவிட்டது என்று வைத்துக்கொள்ளுங்கள். குளோரைட்டு ஏறக்குறைய 190 மில்லிகிராம் கூடும். நாக்கு உப்பை உணரத் தொடங்குவது 250இல். தேநீர் போட்டால் வித்தியாசம் தெரியாது. குடிப்பவர் ‘நல்ல தண்ணி’ என்றே சொல்வார். ஆனால் அந்த ஒரு பங்கோடு லீற்றருக்கு 650 மைக்ரோகிராம் புரோமைட்டும் வந்துவிட்டது. ஓசோன் நிலையம் வடிவமைப்பவர்கள் 50 மைக்ரோகிராமிலேயே எச்சரிக்கை அடைவார்கள். 100ஐத் தாண்டினால் புரோமேற்றைத் தவிர்க்க அமிலத்தன்மையைக் கூட்டுவது, அமோனியா சேர்ப்பது போன்ற கடினமான வழிகளைத் தேடுவார்கள். நாக்கு நல்ல நீர் என்று சொல்லும் அளவிலேயே இந்தக் கிணறு ஓசோனுக்கு ஆறு மடங்கு தகுதியற்றது.

ஆகவே என் கருத்தை மறைக்காமல் சொல்கிறேன். கரைத்தீவின் மணல்நீருக்கு ஓசோன் பொருத்தமில்லை. நீஸ் நகரத்துக்கும் மூல்ஹைமுக்கும் அது நல்லது. மலைநாட்டு ஓடை நீருக்கும் நல்லதாக இருக்கலாம். உப்பு ஏறும் கரையில், ஓசோன் இயந்திரம் விற்பவர் எதை உறுதி சொன்னாலும், அந்த ஊரின் புரோமைட்டு அளவைக் கேட்காமல் இயந்திரத்தை வாங்கக் கூடாது. நீரைச் சவ்வு வழியாக வடித்து விற்கும் ஆர்.ஓ. கடைகளில் சவ்வுக்குப் பின்னால் ஓசோன் பூட்டியிருந்தால் இதே கேள்வியைக் கேட்க வேண்டும். நல்ல சவ்வு புரோமைட்டில் பெரும்பகுதியைப் பிடித்துவிடும். சவ்வு பழசாகி உப்பு கசியத் தொடங்கியபின் அதே ஓசோன் கசிந்த புரோமைட்டைப் புரோமேற்றாக்கும். ஒருமுறை உருவான புரோமேற்றைக் கொதிக்க வைத்தும் அகற்ற முடியாது. குளோரோபோம் மட்டும் திறந்த பானையில் கொதிக்கும்போது ஆவியாகிப் போகும்.

ஓசோன் பொருந்தாத இடத்தில் குளோரினின் தீங்கைக் குறைப்பது எப்படி? மருந்தைச் சேர்க்கும் முன், மருந்தோடு வினைபுரியும் காபனை எடுத்துவிட வேண்டும். இது நம் பாட்டிமாருக்கும் தெரிந்த வேலைதான். தேற்றாங்கொட்டையைப் புது மண்பானையின் உட்புறத்தில், ஈரமான சொரசொரப்பில் வட்டமாகத் தேய்ப்பார்கள். பால் போன்ற மெல்லிய பசை சுவரில் இறங்கும். கலங்கல் ஆற்றுநீரை அதில் ஊற்றி வைத்தால், இரவுக்குள் கலங்கல் திரண்டு அடியில் படிந்துவிடும், மேலே தெளிவு. விதையிலுள்ள பொருள், மின்னூட்டத்தால் ஒன்றையொன்று தள்ளிக்கொண்டு மிதக்கும் நுண்துகள்களைச் சேர்த்துக் கட்டுகிறது. நீர்நிலையத்தில் படிகாரம் செய்வதும் அதுவே. படிகாரத்தின் அளவைச் சற்றுக் கூட்டி, அமிலத்தன்மையைச் சரிசெய்தால், கலங்கலோடு கரைந்த காபனிலும் நல்ல பங்கு இறங்கிவிடும். அதன் பின் மணல், அதன் பின் கரிப்படுகை, கடைசியில் மட்டும் குளோரின். கலங்கல் நீரில் தொடக்கத்திலேயே குளோரினைக் கொட்டும் பழக்கத்தை விட்டாலே டிரைஹேலோமீதேன்கள் பெருமளவு குறையும். 1914இல் சென்னைக் கீழ்ப்பாக்கம் நீர்நிலையம் மெதுமணல் படுகைகளோடு திறக்கப்பட்டபோது இந்த ஒழுங்கின் முதல் பாதி நம் பக்கத்துக்கு வந்துவிட்டது. இரண்டாவது பாதியைக் கற்றுக்கொள்ள இன்னும் அறுபது ஆண்டுகளும் றூக்கின் ஆவிக்குப்பியும் தேவைப்பட்டன.

டிரைஹேலோமீதேன் என்ற சொல்லைக் கேட்டுப் பயந்து கிணற்றுக்குக் குளோரின் போடுவதை யாரும் நிறுத்திவிடக் கூடாது. புரோமோபோமுக்கும் புரோமேற்றுக்கும் வைத்த எல்லைகள் ஒரு ஆயுள் முழுக்கக் குடிப்பதை எண்ணி வைத்தவை. கிருமி ஒரு குவளையில் வேலையை முடித்துவிடும். உலக சுகாதார நிறுவனமும் இதையே திரும்பத் திரும்பச் சொல்கிறது: துணைப்பொருளைக் குறைக்கும் முயற்சி கிருமிநீக்கத்தைக் கெடுக்கக் கூடாது.

கரைத்தீவுப் பக்கத்து நீருக்குச் சோதனை செய்ய வேண்டிய காலம் ஆண்டில் இரண்டு. ஆவணி, புரட்டாதியில் மழையில்லை. கலா ஓயா மெலிந்துபோக, களப்பின் உப்பு ஆற்றுமுகத்தில் மேலேறுகிறது, கிணறுகளின் கீழிருந்தும் உவர் எழுகிறது. புரோமைட்டு உச்சம் அடைவது அப்போது. ஐப்பசி, கார்த்திகையில் முதல் வெள்ளம் காட்டுச் சருகைக் கழுவிக்கொண்டு வரும்; அப்போது உப்பு குறைந்து காபன் உச்சத்தில் நிற்கும். தை மாதத்தில் எடுத்த ஒரே மாதிரியை வைத்து ‘தரம் திருப்தி’ என்று எழுதிய அறிக்கையில் இவ்விரண்டும் அகப்படாது. மாதிரியை நிலையத்தின் வாசலில் எடுப்பதும் போதாது. நீர் குளோரினோடு குழாயில் இருக்கும் நேரம் நீள நீள டிரைஹேலோமீதேன் கூடும் என்பதால், கடைசி வீட்டுக் குழாயில் எடுக்க வேண்டும். பிரதேச சபைக் கூட்டத்தில் கேட்கவேண்டிய கேள்வி, இந்த இரு பருவங்களிலும் அந்தக் கடைசிக் குழாயில் எடுத்த அளவு எத்தனை என்பதே.

(தொடரும்)